மூன்றாம் எதிரி

"நாளைக்குப் போனா உள்ள வச்சிருவாங்களா சார்?"

சம்மனைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வழக்கு என்ன, பிரிவு என்ன, சாட்சி யார் யார் என்பதெல்லாம் அப்புறம். பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். முதல் வாய்தாவைப் பற்றிய இந்தப் பயம் மட்டும் ஜனங்களிடம் குறைந்தபாடில்லை. பயந்துபோய் வருகிறவர்கள் சிலர் அன்றைக்கு ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். அது வருஷக்கணக்கில் அவர்களைத் துரத்துகிறது. அதற்காகத்தான் இந்த வழக்கை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் சொல்லப்போவதில்லை. நம்பி வந்தவர்களின் கதை அது.

சீவலப்பேரி போகிற வழியில், ஆற்றை ஒட்டி ஒரு ஊர். சுடலைமாடன் கோயில் கொடை. சாமக்கொடைக்கு முன்னால், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, கொடை வரிக் கணக்கில் பங்காளிகளுக்குள் பேச்சு தடித்துவிட்டது. ஒருவருக்கு உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாள் புகார், முதல் தகவல் அறிக்கை. இந்திய தண்டனைச் சட்டம் 294 (பி), 323, 506 (1). நம்ம பக்கத்து அடிதடி வழக்கென்றால் இந்த மூன்றும் கைகோத்துக்கொண்டுதான் வரும்: பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, காயம் விளைவித்தது, மிரட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவமாக இருந்தால் இதே மூன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 (பி), 115 (2), 351 (2) என்று வரும். எண்தான் மாறியிருக்கிறது. கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறவர்களின் நிலைமை அதேதான்.

எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், மூன்று பேர். முதல் எதிரி மூன்றாம் எதிரியின் சித்தப்பா, இரண்டாம் எதிரி அவர் மகன், மூன்றாம் எதிரி 22 வயதுப் பையன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் ஊரிலிருந்து கிளம்பி வந்து பாளை வ.உ.சி. மைதானத்தில் ஓடிப் பழகுகிறவன். போலீசார் அவர்களைக் கைது செய்யவில்லை. நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து அனுப்பிவிட்டார்கள். எல்லாம் அடங்கிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சம்மன் வந்தது.

பையன், அவன் அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் வந்தார்கள். பையன் வாயே திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "எங்க குடும்பத்துல கோர்ட்டுப் படி மிதிச்ச ஆளே கெடையாது, வக்கீலய்யா. எம் பிள்ளையக் கூண்டுல ஏத்திட்டாவளே."

அந்தத் தாயின் வெட்கம் எனக்குப் புரிந்தது. "உங்க பையன் தெனம் ஓடுதானே, அந்த மைதானத்துக்கு யார் பேரு வச்சிருக்கு?" என்று கேட்டேன். வ.உ.சிதம்பரம் பிள்ளை வக்கீல். அவர் அப்பாவும் வக்கீல். 1908 மார்ச் 12ஆம் தேதி வெள்ளைக்காரக் கலெக்டர் விஞ்ச் காலத்தில் கைதாகி, இதே திருநெல்வேலியில் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். கைதான மறுநாள் நகரமே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போயிற்று. ஜூலை 7ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றம் பின்னால் அதைக் குறைத்தது. கூண்டில் நின்றதனால் அவர் குற்றவாளியாகிவிடவில்லை என்று இந்த ஊருக்குத் தெரியும். அதனால்தான் மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. உங்கள் மகன் கூண்டில் நிற்பதும் அவன் குற்றவாளி என்பதற்கு அடையாளம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவன் இப்போது நிரபராதி. நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இதை அந்தத் தாயிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

தாய்மாமனுக்கு வேறு யோசனை. யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஒத்துக்கிட்டா ஆயிரமோ ரெண்டாயிரமோ ஃபைனக் கெட்டிட்டு அன்னைக்கே வந்துரலாம்னு சொல்லுதாவ சார். சித்தப்பாவும் அப்பிடித்தான் முடிச்சிக்கிடப் போறாராம். எதுக்கு நாம மட்டும் இழுத்துக்கிட்டு அலையணும்?"

இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். கோர்ட்டு வாசலில், டீக்கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் இந்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அலைச்சல் மிச்சம், கூலி நாள் மிச்சம், வக்கீல் ஃபீஸ் மிச்சம். அன்று சாயங்காலமே வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த அபராத ரசீதின் பெயர் தண்டனை. குற்றவாளி என்று தீர்மானித்து, அபராதம் விதித்து, நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிடும். அப்புறம் "விவரம் தெரியாமச் சொல்லிட்டேன்" என்று மேல்முறையீடு போக முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர், தண்டனையின் அளவு அதிகம் என்றோ, அது சட்டப்படி செல்லாது என்றோதான் மேலே போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 375, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 416. அடித்தேனா இல்லையா என்ற கேள்வி அன்றோடு மூடப்பட்டுவிடும்.

போலீஸ் வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கு இது இன்னும் கொடியது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14 (பி) என்று ஒரு விதி இருக்கிறது. காவல்துறைச் சரிபார்ப்புக்கு முன்னால் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை ஆனாலும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை ஆனாலும், சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று அதற்கு விளக்கமும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. விடுதலை பெற்றவனுக்கே இந்தப் பாடு. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவனுக்கு என்ன மிஞ்சும்?

"ஏல, நீ அடிச்சியா?" என்று தாய்மாமனே கேட்டார்.

பையன் அப்போதுதான் பேசினான். "நான் வெலக்கிவிடப் போனேன் மாமா. அதுக்கு முன்னாலயே அவருக்கு ஒதடு கிழிஞ்சிட்டு."

"அப்படின்னா கோர்ட்டுல ஒத்துக்கிடாதே" என்றேன்.

வாய்தா அன்று காலை பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். நீதிமன்றம் பத்தரைக்கு உட்காரும். சம்மன், ஆதார் நகல் இரண்டும் கையில் இருக்க வேண்டும். வேட்டியோ பேண்ட்டோ, சுத்தமான உடுப்பு போதும். செல்போனை அணைத்துவிட வேண்டும். விசாரணை நடக்கும்போது போன் மணி அடித்தால் கோர்ட்டு டியூட்டியில் இருக்கிற காவலர் வாங்கி வைத்துக்கொள்வார். இப்போதெல்லாம் வாசலிலேயே சோதனை கடுமை. 2024 டிசம்பர் 20ஆம் தேதி பாளை நீதிமன்ற வளாகத்துக்கு முன்னாலேயே ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, மாநிலம் முழுவதும் கோர்ட்டுகளுக்கு ஆயுதம் தாங்கிய காவல் போட்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை.

உள்ளே நுழைந்தால் கூட்டம். முன்வரிசையில் வக்கீல்கள். நடுவருக்குக் கீழே பெஞ்ச் கிளார்க், அவர் முன்னால் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டுகள். ஒரு பக்கம் அரசு உதவி வழக்கு நடத்துநர். முதலில் கால் ஒர்க்: வழக்கு எண்ணைச் சொல்லி, பெயரைக் கூப்பிட்டு, அன்றைக்கு அந்த வழக்கில் என்ன ஆக வேண்டும் என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். டவாலி மூன்று தரம் பெயரைக் கூப்பிடுவார். வராந்தாவில் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்து அதைக் காதில் வாங்காமல் விட்டால் "ஆஜராகவில்லை" என்று எழுதிவிட வாய்ப்புண்டு, அடுத்தது பிடிவாரண்ட். உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றால் வக்கீல் மூலம் அன்றைக்கு மட்டும் வருகைக்கு விலக்குக் கேட்டு மனுப் போடலாம். பழைய எண் 317, புதிய எண் 355. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பேர் நினைப்பதுபோல முதல் வாய்தாவில் சாட்சி வராது, வாதம் நடக்காது, தீர்ப்பு வராது. "நடந்தது என்னன்னா அய்யா" என்று கதை சொல்ல ஆரம்பித்தால் நடுவர் கையமர்த்திவிடுவார். அன்று நடப்பது மூன்று நான்கு நிமிஷக் காரியம். வக்கீல் வக்காலத்துத் தாக்கல் செய்வார். ஆள் சரியா என்று பார்ப்பார்கள். பிணைப் பத்திரம் கேட்டால் கொடுக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் கைது செய்யாத ஆளை, சம்மனுக்கு ஒழுங்காக வந்து நின்றால், காவலில் எடுக்க வேண்டியதில்லை என்று 2022 ஜூலையில் சத்யேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான் முதலில் எழுதிய அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். இதுபோன்ற வழக்கில் உள்ளே வைக்க மாட்டார்கள்.

அன்றைக்கு நடக்கிற முக்கியமான காரியம் நகல் கொடுப்பது. குற்றப்பத்திரிகை, முதல் தகவல் அறிக்கை, போலீசார் பதிவு செய்த சாட்சிகளின் வாக்குமூலங்கள், காயச் சான்று என்று அரசுத் தரப்பு நம்பியிருக்கிற ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் எதிரிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். முன்பு பிரிவு 207. இப்போது 230, ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறார்கள். தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றே படிக்காமல் ஒருவர் எப்படி "ஆமாம்" என்று சொல்ல முடியும்?

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். மூன்று எதிரிகளும் கூண்டருகே போய் நின்றார்கள். நகலைக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் வக்கீல் இல்லை. வாங்கிய நகலைப் பிரிக்கக்கூட இல்லை. "ஒத்துக்கிடுதோம் அம்மா" என்றார் சித்தப்பா. நடுவர் அம்மா அவசரப்படவில்லை. குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டினார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி மூலம் ஏற்பாடு செய்யலாம் என்றும் சொன்னார். சித்தப்பா மாறவில்லை. கையை நீட்டியது உண்மை என்று என்னிடமே பின்னால் சொன்னார். செய்ததைச் செய்தேன் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகன் அப்பா முகத்தைப் பார்த்தான், அவனும் "ஆமா" என்றான். அபராதம் விதித்து, கட்டி, ரசீது வாங்கி, இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் எதிரிக்காக நான் எழுந்து, நகலைப் படிக்க அவகாசம் கேட்டேன். அடுத்த வாய்தாத் தேதி போட்டார்கள். அடுத்த முறை நடுவர் கேட்டபோது பையன் "நான் குற்றம் செய்யவில்லை" என்றான். விசாரணை தொடங்கியது.

அந்த நகலைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் ஒன்று இருந்தது. உதடு கிழிந்தவர் நடுராத்திரிக்குப் பிறகு அங்கே போயிருக்கிறார். யார் அடித்தது என்று டியூட்டி டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை டாக்டர் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறார்: தெரிந்த இரண்டு பேர் கையால் அடித்ததாக. நேரமும் போட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் பதிவான முதல் தகவல் அறிக்கையில் அந்த இரண்டு பேர் மூன்று பேராகியிருந்தார்கள். அந்த அறிக்கை எப்போது நடுவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க, அதில் அவர் போட்டிருந்த சுருக்கொப்பத்தையும் தேதியையும் பார்த்தேன், அதுவும் தாமதம்தான். டாக்டருக்கு யார் மேலும் பகை கிடையாது. பங்காளிச் சண்டையோ வரிக் கணக்கோ அவருக்குத் தெரியாது. அடிபட்ட ஆள், வலியோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் முதலில் சொன்ன வார்த்தை அது. வழக்கின் உயிர் அந்த ஒற்றை வரியில் இருந்தது. சித்தப்பா மகன் கையிலும் அதே நகல்தான் இருந்தது.

விசாரணையை விரிக்க வேண்டியதில்லை. குறுக்கு விசாரணையில் புகார்தாரரிடம், ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேருன்னுதான் சொன்னேன்" என்றார். அப்படியானால் மூன்றாவது பெயர் எப்படி வந்தது? "எழுதுனவுக எழுதிட்டாவ சார்." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாதத்தின்போது நான் வற்புறுத்திக் கேட்டது ஒன்றுதான்: விடுதலை என்றால் அதன் காரணத்தைத் தீர்ப்பில் தெளிவாக எழுத வேண்டும். சம்பவத்தில் மூன்றாம் எதிரிக்குப் பங்கு இருந்ததாகவே அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பில் எழுதி விடுவித்தார் நடுவர். "சந்தேகத்தின் பலன்" என்ற சொல் அந்தத் தீர்ப்பில் இல்லை.

இதெல்லாம் கைதாகாமல் சம்மனில் வருகிறவர்களுக்கு. கைதானவர்களுக்கு முதல் நாள் என்பதே வேறு. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. அந்த நாளில் வாயை மூடிக்கொண்டு நிற்கவே கூடாது. அடித்தார்களா, காயம் உண்டா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, வக்கீலைப் பார்க்க விட்டார்களா, எல்லாவற்றையும் நடுவரிடம் சொல்ல வேண்டும். வேட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தாலும் காட்ட வேண்டும். நமக்குப் பக்கத்து ஊர் சாத்தான்குளம். 2020 ஜூன் 19ஆம் தேதி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப் போனார்கள். மறுநாள் காயங்களோடு ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி விடியற்காலையில் அப்பா இறந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்து, வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. காயத்தோடு நிற்கிற ஆளை ஒரு நடுவர் அருகில் அழைத்து, நேராகப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அந்த இரண்டு உயிர்களுக்கு மேல் சாட்சி வேண்டாம். அதனால்தான், ரிமாண்ட் வழக்கு என்றால் எந்நேரமானாலும் கிளம்பிப் போங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு வந்தபோது அவன் குறிவைத்திருந்த காவலர் தேர்வு முடிந்துவிட்டிருந்தது. அதில் அவனுக்கு வருத்தம் உண்டு. பிறகு வேறொரு அரசுத் தேர்வு எழுதினான். குற்ற வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்வி விண்ணப்பத்தில் வந்தபோது மறைக்காமல் "ஆம்" என்று எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைக்கச் சொன்னேன். வழக்கை விட அதை மறைப்பதுதான் பெரிய இடைஞ்சல். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை விரிவாகப் பேசியிருக்கிறது. அவனுக்கு வேலை கிடைத்தது. சித்தப்பா மகன் வளைகுடா வேலைக்காகக் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, அபராதம் கட்டிய அந்த வழக்கு எழுந்து வந்தது. "அன்னைக்கு ஒங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு மேல்முறையீட்டு வழி இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சம்மன் வந்தால் தயவுசெய்து முதல் வாய்தாவுக்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். கையில் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். யாருமே கிடைக்கவில்லை, தனியாகத்தான் போய் நிற்க வேண்டும் என்றால், நடுவரிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "அய்யா, எனக்கு நகல் வேணும். படிச்சுப் பார்த்துட்டு, வக்கீல் வச்சுப் பதில் சொல்லுதேன்." அதற்கு வாய்தா கொடுப்பார்கள்.